மேட்லியின் கணக்கு

சென்னையின் தண்ணீர்: வரலாற்றுத் தொடர் – 5

1914 என்றால் சென்னைக்காரர்களுக்கு எம்டன்தான் நினைவுக்கு வரும். அந்த வருஷம் செப்டம்பர் 22-ம் தேதி இரவு ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்று கரைக்கு எதிரே வந்து நின்று குண்டு போட்டது. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் கொழுந்துவிட்டு எரிந்தன. பயந்துபோன ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறினார்கள். குண்டுவீச்சு நடந்தது என்னவோ அரை மணி நேரம்தான். நூறு வருஷம் தாண்டியும் அந்தக் கதையைச் சொல்ல ஆள் இருக்கிறது.

அதே 1914-ல்தான் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. அங்கிருந்து புறப்பட்ட தண்ணீர் இன்றும் நின்றபாடில்லை. அதைக் கட்டியவர் ஜே. டபிள்யூ. மேட்லி. சென்னை மாநகராட்சியின் பொறியாளர். தி.நகரில் ஒரு சாலைக்கும் ஒரு சுரங்கப்பாதைக்கும் அவர் பெயர் இருக்கிறது. அதற்கு மேல் அவரைப் பற்றி ஊருக்கு ஒன்றும் தெரியாது. இந்த வாரம் அவர் போட்ட ஒரு கணக்கையும், அதை ஊர் என்ன செய்தது என்பதையும் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு ஐம்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

ஏழுகிணற்றின் கதையைப் போன வாரம் படித்தீர்கள். 1772-ல் கேப்டன் பேக்கரின் யோசனைப்படி தோண்டிய கிணறுகள் அவை. அவற்றின் முதல் உரிமை புனித ஜார்ஜ் கோட்டைக்கு. ஊர் ஜனங்கள் வீட்டுக் கிணற்றையும் கோயில் குளத்தையும்தான் நம்பியிருந்தார்கள். கடலோர ஊர் என்பதால் ஒரு கிணறு இனிக்கும், நாலு வீடு தள்ளி இன்னொன்று உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள வீட்டுக்குத் தெருவில் தனி மரியாதை. ஆனால் அந்தக் கிணற்றுக்குப் பத்தடி தூரத்திலேயே கொல்லையும் கழிவுக் குழியும் இருந்தன. மழைக்காலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். காலரா வராத வருஷம் என்று மதராஸில் ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம்.

1871-ல் கணக்கெடுத்தபோது ஊரின் மக்கள்தொகை சுமார் 3.97 லட்சம். இத்தனை பேரைக் கிணறுகளின் தயவில் விட முடியாது என்று அரசாங்கத்துக்கு ஏற்கெனவே புரிந்திருந்தது. 1866-ல் பிரேசர் என்ற பொறியாளர் ஒரு திட்டம் கொடுத்தார். ஊருக்கு வடமேற்கே ஓடும் கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கத்தில் ஓர் அணைக்கட்டு. அங்கிருந்து கால்வாய் வழியாகச் சோழவரம் ஏரி. சோழவரத்திலிருந்து செங்குன்றம் ஏரி. புழல் ஏரி என்று நாம் சொல்வதும் அதைத்தான். செங்குன்றத்திலிருந்து சுமார் ஏழு மைல் மண் கால்வாயில் கீழ்ப்பாக்கம் வரை. அதன் பிறகு இரும்புக் குழாயில் ஊருக்குள். பம்பு கிடையாது, எல்லாம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடிவர வேண்டியதுதான். 1872-ல் அப்படியே ஓடியும் வந்தது.

பிரேசர் போட்ட பாதையின் அருமையை இன்றைக்கு வரைபடத்தை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கொசஸ்தலை, தாமரைப்பாக்கம், சோழவரம், செங்குன்றம், கீழ்ப்பாக்கம். இந்த ஐந்து பெயர்களும் அதே வரிசையில் இன்றும் சென்னைக் குடிநீரின் முதுகெலும்பாக இருக்கின்றன. பின்னால் வந்தவர்கள் பூண்டி ஏரியைச் சேர்த்தார்கள், கிருஷ்ணா ஆற்று நீரைச் சேர்த்தார்கள். பாதையை மாற்றவில்லை.

ஆனால் தண்ணீர் சுத்தமாக வரவில்லை. செங்குன்றத்தில் தெளிவாக இருந்த நீர் திறந்த கால்வாயில் ஏழு மைல் வர வேண்டும். வழியெங்கும் ஊர்கள். கால்வாய் என்றால் ஜனங்கள் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள், மாட்டை இறக்கிக் கழுவுவார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. வீட்டு வாசலில் ஓடுகிற தண்ணீரில் இறங்காதே, இது நாலு மைலுக்கு அப்பால் ஒருவர் குடிக்கப்போகிற தண்ணீர் என்றால் எந்த ஊரில் கேட்பார்கள்? கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டவும் ஏற்பாடு இல்லை. கால்வாயில் விழுந்ததெல்லாம் குழாய்க்குள்ளும் வந்தது. குழாய்களின் உட்புறத்தில் துருவும் பாசியும் படிந்து ஏற்கெனவே குறைவாக இருந்த வேகத்தை இன்னும் குறைத்தன. தெருக்கோடியில் குழாயைத் திறந்தால் சொட்டும். மாடிக்கு ஏறுகிற பேச்சே இல்லை.

ஆசாரமான குடும்பங்கள் வேறு காரணத்துக்காக இந்தத் தண்ணீரைத் தொடவில்லை. குழாயின் திருகுக்குள் தோல் வளையம் இருக்கிறது, தோல் பட்ட நீர் மடிக்கு ஆகாது என்றார்கள். பூஜைக்கும் சமையலுக்கும் கிணறு, மற்றதற்குக் குழாய் என்று சில வீடுகள் சமரசம் செய்துகொண்டன. அந்தக் காலத்துக் குழாய்த் தண்ணீரின் லட்சணத்தை நினைத்தால், அவர்கள் தப்பான காரணத்துக்காகச் சரியான காரியம் செய்தார்களோ என்று தோன்றுகிறது. கிணறு மட்டும் என்ன வாழ்ந்தது என்பது வேறு விஷயம்.

இந்த நிலைமையை மாற்றிய சம்பவம் மதராஸில் நடக்கவில்லை. 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் காலரா பரவியது. சுமார் 8,600 பேர் செத்தார்கள். ஹாம்பர்க்கை ஒட்டியே ஆல்டோனா என்று இன்னொரு ஊர். நடுவில் ஒரு தெருதான் எல்லை என்கிற அளவுக்கு நெருக்கம். இரண்டு ஊரும் எல்பே ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தன. இன்னும் சொல்லப்போனால் ஆல்டோனா எடுத்த தண்ணீர் மோசமானது. ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு, ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் எடுத்தது. ஆனாலும் ஆல்டோனாவில் காலரா கிட்டத்தட்ட இல்லை. காரணம், ஆல்டோனா தண்ணீரை மணலில் வடிகட்டிவிட்டுக் கொடுத்தது. ஹாம்பர்க் அப்படியே கொடுத்தது. காலரா காற்றில் வருகிறதா, மண்ணிலிருந்து கிளம்புகிறதா என்று பெரிய பெரிய பேராசிரியர்கள் நடத்திக்கொண்டிருந்த விவாதத்தை இந்த இரண்டு ஊர்களும் முடித்து வைத்தன. அதற்குப் பிறகு வடிகட்டாத ஆற்று நீரை ஊருக்குக் கொடுக்கும் எந்த நகராட்சியும் சாக்குச் சொல்ல இடமில்லை. மதராஸோ மேலும் இருபது வருஷம் கொடுத்தது.

மேட்லி வந்ததும் முதலில் அந்த ஏழு மைல் கால்வாயில் கை வைத்தார். திறந்த வாய்க்காலுக்குப் பதில் செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கம் வரை செங்கல் சுண்ணாம்பால் கட்டி மூடிய நிலத்தடிக் கால்வாய். இதில் மாடும் இறங்காது, மனிதரும் இறங்க முடியாது. கீழ்ப்பாக்கத்தில் 14 மணல் வடிகட்டிப் படுகைகள். சுத்தமான நீரைச் சேர்த்துவைக்க நிலத்தடித் தொட்டி. அதிலிருந்து நீரை மேலேற்ற நீராவி இயந்திரங்கள், ஏற்றியதை ஊருக்குள் தள்ள உயர்ந்த இரும்புத் தொட்டி. தண்ணீர் தானாக ஓடிவந்த காலம் முடிந்தது. இனி அழுத்தம் கொடுத்து அனுப்பலாம்.

மணல் வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பார்வைக்கு அது ஒரு பெரிய கட்டாந்தரைத் தொட்டி, அவ்வளவுதான். அடியில் ஓட்டைக் குழாய்கள், அதன் மேல் கூழாங்கல், அதன் மேல் சரளை, எல்லாவற்றுக்கும் மேலே மூன்று நான்கு அடி உயரத்துக்கு மணல். ஏரித் தண்ணீரை மணலின் மேல் நிறுத்துவார்கள். அது மெதுவாக, மணிக்கு ஒரு சாண் கூட இறங்காத வேகத்தில் கசிந்து கீழே போகும். புது மணல் முதல் சில நாட்கள் ஒன்றும் பிரமாதமாகச் சுத்தம் செய்யாது. நாளாக ஆக மணலின் மேல்பரப்பில் ஒரு மெல்லிய வழவழப்பான படலம் உருவாகும். பாசி, நுண்ணுயிர், வண்டல் எல்லாம் சேர்ந்த படலம். பார்த்தால் அழுக்கு. உண்மையில் நோய்க் கிருமிகளைத் தின்று தீர்ப்பது அதுதான். மணல் அந்தப் படலத்துக்குத் திண்ணை மட்டுமே.

படலம் தடித்துக்கொண்டே போனால் தண்ணீர் இறங்காது. அப்போது ஒரு படுகையின் நீரை வடித்துவிட்டு, ஆட்கள் தட்டை மண்வெட்டியோடு இறங்கி மேல் மணலை அரை அங்குலம், ஓர் அங்குலம் அளவுக்குச் சுரண்டி எடுப்பார்கள். அதிகமாகச் சுரண்டினால் மணல் வீண், குறைவாகச் சுரண்டினால் நாலு நாளில் மறுபடி அடைத்துக்கொள்ளும். சுரண்டிய மணலைக் கழுவிக் காயவைத்து மறுபடி போட வேண்டும். படுகை திரும்பப் படலம் கட்டும்வரை அதன் நீரை ஊருக்கு விடக் கூடாது. ஒன்று இரண்டு படுகைகளாவது எப்போதும் இப்படி ஓய்வில் இருக்கும். ஐரோப்பாவின் குளிரில் வாரக்கணக்கில் தாங்குகிற படுகை நம் ஊர் வெயிலில் சீக்கிரம் பாசி பிடித்துவிடும். ஆகவே சுரண்டுகிற வேலையும் இங்கே அதிகம். மேட்லியின் பெயர் சாலையில் இருக்கிறது. இடுப்பளவு படுகையில் இறங்கி வெயிலில் மணல் வாரியவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. காலரா குறைந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி கணக்குக்கு வருவோம்.

எந்தக் குடிநீர்த் திட்டத்துக்கும் மூன்று எண்கள் வேண்டும். எத்தனை பேருக்கு, தலைக்கு எவ்வளவு, எத்தனை வருஷத்துக்கு. குழாயைப் புதைத்துவிட்டால் அடிக்கடி தோண்டி மாற்ற முடியாது. ஆகவே இன்றைய ஊருக்குப் போட்டால் போதாது, நாளைய ஊருக்குப் போட வேண்டும். மேட்லி ஐம்பது வருஷத்துக்குத் திட்டமிட்டார். 1961-ல் சென்னையின் மக்கள்தொகை 6.6 லட்சம் இருக்கும், தலைக்கு நாளொன்றுக்கு 25 காலன் வேண்டும் என்று வைத்துக்கொண்டார். பெருக்கினால் நாளொன்றுக்கு 165 லட்சம் காலன். நம் அளவில் ஏறத்தாழ 7.5 கோடி லிட்டர். 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்தது நினைவிருக்கும். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். மேட்லி திட்டமிட்ட ஒரு நாள் தண்ணீரை அப்படிக் கொண்டுவர வேண்டுமானால் தினமும் 30 ரயில் ஓட வேண்டும்.

6.6 லட்சம் என்ற எண்ணைப் பார்த்து இன்றைக்குச் சிரிப்பு வரும். சிரிக்கும் முன்பு அவர் மேஜையில் என்ன இருந்தது என்று பார்ப்பது நியாயம். 1901 கணக்கெடுப்பில் சென்னை 5.09 லட்சம். 1911-ல் 5.18 லட்சம். பத்து வருஷத்தில் ஒன்பதாயிரம் பேர்தான் கூடியிருந்தார்கள். 1921 கணக்கு வந்தபோதும் 5.26 லட்சம். கொள்ளை நோய்களும் பஞ்சமும் ஒரு பக்கம், ஊரைவிட்டு பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறுகிறவர்கள் இன்னொரு பக்கம் என்று நின்ற இடத்திலேயே நின்றிருந்த நகரம் அது. இந்த வேகத்தில் போனால் 6.6 லட்சத்தைத் தொட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகும். மேட்லி ஐம்பதே வருஷத்தில் தொடும் என்றார். கஞ்சத்தனமாகக் கணக்குப் போட்டவர் அல்ல, தாராளமாகப் போட்டவர்.

1931-ல் கணக்கெடுத்தார்கள். 6.47 லட்சம்.

முப்பது வருஷம் மிச்சம் இருக்கும்போதே எண் கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. 1941-ல் 7.77 லட்சம். மேட்லியின் வரம்பைத் தாண்டியாயிற்று. மில்கள், ரயில்வே தொழிற்சாலைகள், துறைமுகம், கிராமங்களில் விவசாயம் படுத்தது, எல்லாம் சேர்ந்து ஆளை இழுத்தன. கிணறுகளையும் குளங்களையும் பற்றிய பழைய சண்டைகளும் கூடவே வந்தன. பொதுக் கிணறும் பொதுச் சாலையும் எல்லாச் சாதியாருக்கும் பொது என்று சென்னைச் சட்டமன்றம் 1924-ல் தீர்மானம் போட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அதுவரை நிலைமை என்ன என்று ஊகித்துக்கொள்ளலாம். தெருக் குழாயடி வரிசை சென்னையில் பலருக்கும் அந்தத் தீர்மானத்தைவிடப் பெரிய மாற்றமாக இருந்திருக்கும். வரிசையில் குடம்தான் நிற்கும், குடத்துக்குச் சாதி கிடையாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். யார் குடம் முதலில் என்பதில் சாதி நெடுங்காலம் இருந்தது.

ஊர் வளர இடம் வேண்டும். இடம் எங்கே கிடைத்தது? ஏரிக்குள். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை மவுண்ட் ரோட்டை ஒட்டி நீளமாகக் கிடந்தது ஓர் ஏரி. லாங் டேங்க் என்று வெள்ளைக்காரர்கள் அழைத்தார்கள், அதில் படகுப் போட்டி நடத்தினார்கள். 1920-களில் அதன் மாம்பலம் பகுதியை வடித்துவிட்டு மனை போட்டார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரில் அது தியாகராய நகர் ஆயிற்று. நீதிக்கட்சிப் பிரமுகர்கள், மாநகராட்சி அதிகாரிகள் என்று பலர் பெயரையும் அங்கே தெருக்களுக்கு வைத்தபோது மேட்லிக்கும் ஒரு சாலை கிடைத்தது. ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு ஏரியைத் தூர்த்த இடத்தில் மரியாதை. ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பெய்தால் தண்ணீர் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வரும். மேட்லி சுரங்கப்பாதையில் வெள்ளம், போக்குவரத்துக்குத் தடை என்று அப்போது செய்தித்தாளில் அவர் பெயர் அடிபடும்.

மறுபடி 1930-களுக்கு வருவோம். குழாயும் வடிகட்டியும் போதாது என்பது ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரியது, ஏரியில் தண்ணீரே இல்லை. கொசஸ்தலை வருஷம் முழுக்க ஓடும் ஆறு அல்ல. வடகிழக்குப் பருவமழையில் சில நாட்கள் கரைபுரண்டு ஓடும், மற்ற மாதங்களில் மணல். அந்தச் சில நாள் வெள்ளத்தில் தாமரைப்பாக்கம் கால்வாய் எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவுதான் சோழவரத்துக்கும் செங்குன்றத்துக்கும் வரும். மிச்சம் முழுவதும் எண்ணூரில் கடலில் கலக்கும். ஆற்றிலேயே நீரைத் தேக்கினால்தான் வழி. அதற்குப் பூண்டி என்ற இடத்தைப் பார்த்துவைத்திருந்தார்கள்.

1939-ல் சென்னை மேயரானார் எஸ். சத்தியமூர்த்தி. காங்கிரஸின் சிறந்த பேச்சாளர், நாடகப் பிரியர், காமராஜரின் அரசியல் குரு. அவர் மேயரான நேரம் விசித்திரமானது. உலகப் போர் ஆரம்பித்துவிட்டது. இந்தியாவைக் கேட்காமல் போரில் இறக்கியதைக் கண்டித்து அந்த அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்துவிட்டது. மாகாணத்தில் கவர்னர் ஆட்சி. வெள்ளைக்கார அரசாங்கத்தோடு ஒத்துழைக்க மாட்டோம் என்கிற கட்சிக்காரர், ஏரி வெட்ட அதே அரசாங்கத்தின் சம்மதத்தையும் பணத்தையும் இரும்பையும் சிமெண்டையும் கேட்டு நிற்க வேண்டும். போர்க்காலத்தில் இரும்பும் சிமெண்டும் தங்கத்துக்குச் சமம். எப்படிப் பேசினாரோ, வாங்கிவிட்டார். 1940-ல் கவர்னர் ஆர்தர் ஹோப்பை வைத்தே அடிக்கல் நாட்டினார். மேடையில் மேயரும் கவர்னரும் பக்கத்தில் பக்கத்தில். அதற்குச் சில மாதங்களில் மேயர் தனிநபர் சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனார். 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் மறுபடி கைது. உடல் நொடிந்து 1943 மார்ச் 28-ல் இறந்துபோனார். பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் கட்டி முடிந்தது. தான் கட்டிய ஏரியில் தண்ணீர் நிற்பதை அவர் பார்க்கவில்லை.

அன்றைக்கு அதன் கொள்ளளவு 257.3 கோடி கன அடி. பின்னால் உயர்த்தி இன்றைக்கு 323.1 கோடி. இந்திய அரசியல்வாதிகளின் கல்வெட்டுகளில் பெரும்பாலானவற்றைப் படித்தால் கோபம் வரும். பூண்டி ஏரிக்கு வைத்த சத்தியமூர்த்தி சாகர் என்ற பெயரைப் படித்தால் வராது. ஒரு குறையை மட்டும் சொல்ல வேண்டும். பூண்டியில் திறந்த நீரைத் தாமரைப்பாக்கம் வரை வெறும் ஆற்று மணலில்தான் விட்டார்கள். மணல் குடித்தது போக மிச்சம்தான் ஊருக்கு வந்தது. இதற்குத் தளம் போட்ட கால்வாய் வெட்ட 1972 ஆயிற்று. போர்க்காலத்தில் அணையே கட்ட முடிந்த ஊரால், சமாதான காலத்தில் ஒரு வாய்க்கால் வெட்ட இருபத்தெட்டு வருஷம் எடுத்துக்கொள்ளவும் முடிந்தது.

பூண்டி ஏரியை நிரப்பியது. ஊருக்குள் இருந்த குழாய்களோ மேட்லி போட்டவை. 1946-ல் நகர எல்லையை விரித்துச் சைதாப்பேட்டை முதலிய பகுதிகளை உள்ளே சேர்த்தார்கள். 1951 கணக்கில் சென்னை 14.16 லட்சம். புதிய பகுதிகளுக்குப் பழைய குழாயின் நுனியில் இன்னொரு குழாயை ஒட்டவைத்து நீட்டினார்கள். எல்லாத் தண்ணீரும் கீழ்ப்பாக்கத்திலிருந்து கிளம்ப வேண்டும். நடுவில் இருப்பவர்களுக்கு வரும், கடைக்கோடிக்கு நூலாக வரும். இருபத்துநாலு மணி நேரமும் கொடுத்தால் யாருக்கும் போதாது என்று நேரம் வைத்துத் திறந்தார்கள். காலையில் சில மணி, மாலையில் சில மணி. பிறகு காலையில் மட்டும். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

சென்னை வீடுகள் இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் எந்தப் பொறியியல் புத்தகத்திலும் இருக்காது. அழுத்தம் இல்லாததால் தரைக்கு மேலுள்ள குழாயில் நீர் ஏறவில்லை. சரி, குழாயைக் கீழே இறக்கு. வாசலில் இரண்டடி மூன்றடிக்குக் குழி வெட்டி, செங்கல் கட்டி, அதற்குள் குழாயை வைத்தார்கள். குழிக்குள் குடம் உட்காராது, சொம்பில் பிடித்துக் குடத்தில் ஊற்ற வேண்டும். அதுவும் வறண்டபோது வந்தது அடிபம்பு. கிணற்றிலோ போரிலோ போடுகிற பம்பை வீட்டுக்கு வரும் மாநகராட்சிக் குழாயின் தலையில் மாட்டினார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு அடிக்க ஆரம்பித்தால், முதலில் காற்று, பிறகு துருத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். பக்கத்து வீட்டில் அடிக்கிற வேகத்தை வைத்தே எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று சொல்லிவிடுவார்கள். மேட்லி நீராவி இயந்திரத்திடம் ஒப்படைத்த வேலையை ஐம்பது அறுபது வருஷம் கழித்து வீட்டுப் பெண்களின் தோள்பட்டை செய்தது. அந்த உழைப்பு எந்த வரவு செலவுக் கணக்கிலும் ஏறவில்லை.

இதில் இன்னொரு கேடும் இருந்தது. எப்போதும் நிறைந்து அழுத்தத்தோடு இருக்கும் குழாயில் ஓட்டை விழுந்தால் நீர் வெளியே ஒழுகும், வெளியிலிருக்கும் சாக்கடை உள்ளே வராது. காலிக் குழாய் அப்படியில்லை. நாளில் இருபது மணி நேரம் காலியாகக் கிடக்கும் குழாயின் மேல் ஆயிரம் வீட்டு அடிபம்புகள் உறிஞ்சினால், ஓட்டை வழியாகப் பக்கத்துச் சாக்கடையும் சேர்ந்து வரும். கீழ்ப்பாக்கத்தில் பதினாலு படுகைகளில் ஒவ்வொரு சொட்டாகச் சுத்தம் செய்து அனுப்பியது, வீட்டு வாசலில் அழுக்காகி வந்து சேர்ந்தது. முதல் சில நிமிஷத் தண்ணீரைக் கீழே விட்டுவிடு என்று சென்னைத் தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது இதனால்தான்.

மேட்லி தப்புக் கணக்குப் போட்டார் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஐம்பது வருஷத்துக்குப் பிறகு ஓர் ஊர் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாராளமாக ஊகித்து, செய்துகாட்டிவிட்டுப் போனார். 1931-ல் கணக்கெடுப்பு வந்த அன்றே அந்த எண் செல்லாது என்று தெரிந்துபோயிற்று. அப்போதே குழாய்களை மாற்றும் திட்டத்தைக் கையிலெடுத்திருக்க வேண்டியவர்கள் அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களும், அவர்களுக்குப் பணம் ஒதுக்க வேண்டிய அரசுகளும். அவர்கள் எண்ணைத் திருத்தவில்லை, தண்ணீர் விடும் நேரத்தைக் குறைத்தார்கள். பற்றாக்குறையைக் கோப்பிலிருந்து எடுத்து மக்களின் வாசலில் வைத்துவிட்டால் அது அரசாங்கத்தின் பிரச்சினையாகத் தெரியாது. இந்த வித்தையைச் சென்னை அந்தக் காலத்தில்தான் கற்றது. குடிநீருக்கென்று தனி வாரியம் 1978-ல் வரும்வரை, வந்த பிறகும்கூட, அது கைவிட்டுப் போகவில்லை.

மேட்லி குறித்துவைத்த 1961-ம் வருஷமும் வந்தது. அவர் எதிர்பார்த்தது 6.6 லட்சம். எண்ணியபோது இருந்தவர்கள் 17.29 லட்சம். அவர் திட்டமிட்ட நீரை மட்டும் வைத்து அத்தனை பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு ஒன்பதரைக் காலன் தேறும்.

ஆறு வருஷம் கழித்து ஆட்சி மாறியது. புதிய ஆட்சி தெற்கே வெகுதூரத்தில், கடலூர்ப் பக்கம் சோழர் காலத்து ஏரி ஒன்றின் மேல் கண் வைத்தது. ராட்சதக் குழாய்கள் வந்து சாலையோரம் இறங்கின. இறங்கியவை அங்கேயே வருஷக்கணக்கில் கிடந்தன. வீராணத்தின் முதல் கதை அடுத்த வாரம். அந்தக் குழாய்களை நேரில் பார்த்த வாசகர்கள் இன்னும் பலர் இருப்பீர்கள். எந்த ஊர்ப் பக்கம் பார்த்தீர்கள், என்ன நிலையில் கிடந்தன என்பதை எழுதி அனுப்புங்கள்.